தவளை உருப் பகையும் தொடரும் சாபமும்: ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் பேசிலிஸ்க் போர்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி 2011ஆம் ஆண்டு வெளிவந்த ‘டார்க் சோல்ஸ்’ ஒரு பாத்திரமேற்பு நிகழ்பட விளையாட்டு ஆகும். அதில் இடம்பெறும் தவளை போன்ற பகையுயிரான பேசிலிஸ்க்குடன் நிகழும் போரை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. தோல்வியை ஒரு கணத்து நிகழ்வாக முடித்துவிடாமல், சுமந்து திரிய வேண்டிய நிலையாக இப்போர் மாற்றுகிறது என்பதே கட்டுரையின் கருதுகோள். பேசிலிஸ்க்கின் தொன்மப் பின்புலம், போரின் இயங்குவிதிகள், சாபத்தை நீக்கும் வழிகள், பிற்கால விளையாட்டுகளில் இவ்விதி அடைந்த மாற்றம் ஆகியவை முறையே ஆராயப்படுகின்றன. மெய்ப்பாடு என்னும் தொல்காப்பியக் கருத்தாக்கம் பகுப்பாய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நிகழ்பட விளையாட்டு, பாத்திரமேற்பு, பேசிலிஸ்க், சாபம், தோல்வி, மெய்ப்பாடு, இளிவரல்.

முன்னுரை

நிகழ்பட விளையாட்டுகளைத் திறனாய்வு செய்வோர் இரண்டு வழிகளில் ஒன்றை மேற்கொள்வது வழக்கம். விளையாட்டின் கதையை மட்டும் பிரித்தெடுத்துப் புதினத்தைப் போல வாசிப்பது ஒரு வழி. கதையை விலக்கிவிட்டு விதிகளை மட்டும் ஆராய்வது மற்றொரு வழி. இயன் போகோஸ்ட் 2007இல் வெளியிட்ட ‘பர்சுவேசிவ் கேம்ஸ்’ என்னும் நூல் இவ்விரு வழிகளுக்கும் இடையே ஒரு பாலத்தை அமைத்தது. விதிகள் இயங்கும் முறையே ஒரு கூற்றை முன்வைக்கவல்லது என்பது அவர் நிலைப்பாடு. ஒரு விளையாட்டு எதைச் சொல்கிறது என்பதை அதன் உரையாடல்களில் மட்டும் தேடுவது போதாது. எதைச் செய்ய அனுமதிக்கிறது, எதைத் தடுக்கிறது, எதற்கு விலை கேட்கிறது என்பவற்றிலும் தேட வேண்டும்.

இந்நிலைப்பாட்டைச் சோதிக்கப் பெரும் பகைவர்களுடனான இறுதிப் போர்களைக் காட்டிலும் சிறு பகைவர்களுடனான போர்களே ஏற்றவை. இறுதிப் போர்களில் இசையும் காட்சியும் கதையும் ஒருங்கே சேர்ந்து பொருளை உணர்த்திவிடுகின்றன. பேரும் வரலாறும் இல்லாத ஒரு சிற்றுயிருடன் மோதும்போது விதிகள் மட்டுமே பேசுகின்றன. ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டில் பேசிலிஸ்க் அத்தகைய சிற்றுயிர். இதற்கு உரையாடல் இல்லை. ஓரிரு அடிகளில் வீழ்ந்துவிடும் அளவுக்கு அதன் உயிராற்றலும் குறைவு. இருப்பினும், ஹிதெத்தாகா மியாசாகி இயக்கிய இவ்விளையாட்டின் பெரும் பகைவர்களுக்கு இணையாக விளையாடுநரின் நினைவில் நிற்பது இத்தவளையுரு. இதற்கான காரணத்தை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

பேசிலிஸ்க்: தொன்மமும் உருமாற்றமும்

பேசிலிஸ்க் என்னும் பெயர் ‘சிற்றரசன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானிய அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் இதனைச் சிறிய பாம்பாகவே குறிப்பிடுகிறார். பன்னிரண்டு விரற்கடைக்கு மேற்படாத நீளமும் தலையில் முடி போன்ற வெண்புள்ளியும் உடையது. அதன் மூச்சுப் பட்டால் புதர்கள் கருகும், கற்கள் வெடிக்கும் என்பது அவர் தரும் செய்தி. அதன் பார்வையும் உயிரைப் பறிக்கும் என்ற நம்பிக்கை நிலவியது.

இடைக்கால ஐரோப்பாவில் இவ்வுயிரின் பிறப்புக் கதையில் தேரை நுழைகிறது. சேவல் இட்ட முட்டையைத் தேரை அடைகாத்துப் பொரிப்பதால் பேசிலிஸ்க் பிறக்கிறது என்ற நம்பிக்கை பரவியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தியோஃபிலஸ் எழுதிய கைவினை நூல், ‘எசுப்பானியப் பொன்’ செய்யும் முறையை விவரிக்கும் பகுதியில், சேவல்களின் முட்டைகளை அடைகாக்கத் தேரைகளை அமர்த்தும் செய்தியைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டில், 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டு, பேசிலிஸ்க்கைக் கல்லாக்கும் ஆற்றலுடைய உயிராக நிலைநிறுத்தியது. பின்வந்த மின்னணு விளையாட்டுகள் பலவும் இம்மரபையே பின்பற்றின.

‘டார்க் சோல்ஸ்’ இம்மரபை ஏற்று, இரண்டு இடங்களில் திருத்துகிறது. முதலாவது, உருவம். பாம்பும் சேவலும் பின்தள்ளப்பட்டு, கதையில் செவிலியாக மட்டும் நின்ற தேரையின் சாயல் முன்னே வருகிறது. பருத்த உடல், அகன்ற வாய், தத்திச் செல்லும் நடை, தலையின் மேல் புடைத்து நிற்கும் இரு பெருங்கண்கள் ஆகியவை சேர்ந்து நீண்ட வாலுடைய தவளையின் தோற்றத்தைத் தருகின்றன. இரண்டாவது திருத்தம் இதனினும் நுட்பமானது. அப்பெருங்கண்கள் மெய்யான கண்கள் அல்ல. கண்போல் தோன்றும் புடைப்புகள். உண்மைக் கண்கள் சிறியனவாக வாயின் அருகே அமைந்துள்ளன.

தொன்மத்தில் பேசிலிஸ்க்கின் அச்சம் பெரிதும் அதன் பார்வையைச் சுற்றி அமைந்தது. தொன்மத்தை அறிந்த விளையாடுநர் முதலில் அஞ்சுவது அக்கண்களுக்கே. ஆனால் விளையாட்டில் கண்கள் எதையும் செய்வதில்லை. கேடு முழுவதும் அது உமிழும் சாம்பல் நிற மூட்டத்தில் இருக்கிறது. பார்வையின் அச்சம் நேர்கோட்டில் இயங்குவது. முகத்தைத் திருப்பினால் தப்பலாம். மூச்சின் அச்சம் இடத்தை நிறைப்பது. நிற்கும் தளமே பகையாகிறது. இம்மாற்றத்தால் பேசிலிஸ்க் போர், ஆளை வெல்லும் போராக அமையாமல் இடத்தை விட்டு விலகத் தெரிந்துகொள்ளும் போராக அமைகிறது.

போரின் இயங்குவிதிகள்

விளையாட்டின் கதையுலகமான லோர்ட்ரானில், ‘டெப்த்ஸ்’ எனப்படும் நிலத்தடிக் கழிவுநீர்ச் சுரங்கத்தில் விளையாடுநர் பேசிலிஸ்க்கை முதன்முதலில் எதிர்கொள்கிறார். மேல்தளத்தில் உள்ள துளைகளைக் கவனியாது நடப்பவர் நேராக அவற்றின் நடுவே விழ நேரும். ஆகவே பலருக்கு இப்போர் தாமே தேர்ந்த போராக அமைவதில்லை. விழுந்தபின் கண்திறக்கும் போராகவே தொடங்குகிறது.

மூட்டத்துக்குள் நிற்கும் நேரம் மிகுதியாகத் திரையில் ஒரு சாபப் பட்டை நிறைகிறது. வெளியேறினால் மெல்லக் குறைகிறது. நிறைந்துவிட்டால் எஞ்சிய உயிராற்றல் எவ்வளவாயினும் பாத்திரம் அக்கணமே கல்லாகி இறக்கும். கவசத்தின் தடிமனும் கேடயத்தின் வலிமையும் வாளின் கூர்மையும் இங்குப் பெரிதாக உதவுவதில்லை. தொலைவிலிருந்து அம்பெய்தல், ஒன்றை மட்டும் தனியே பிரித்து இழுத்தல், மூட்டம் எழுந்தவுடன் பின்வாங்கிக் காத்திருத்தல் ஆகியவையே பயன் தருகின்றன. அதுவரை முன்னேறித் தாக்கப் பழகிய விளையாடுநர், பின்வாங்குதலைப் போர்த்திறனாகக் கற்க வேண்டியிருக்கிறது.

சாபத்தை எதிர்க்கும் ஆற்றல் அமைந்துள்ள விதமும் இங்குக் கருதத்தக்கது. ஏனைய தாங்குதிறன்கள் பாத்திரத்தின் பண்புகளை உயர்த்துவதால் வளர்கின்றன. சாபத்தின் மீதான தாங்குதிறனோ, பாத்திரம் தன்னிடம் வைத்திருக்கும் ‘ஹியூமானிட்டி’, அதாவது மனிதத்தின் எண்ணிக்கையைச் சார்ந்தது. இறந்தவுடன் இம்மனிதமும் ஈட்டிய ஆன்மாக்களும் இறந்த இடத்திலேயே விடப்படும். எனவே மூட்டத்தில் இறந்தவர் திரும்பிச் செல்லும்போது, முன்னிலும் குறைந்த தாங்குதிறனுடன் அதே மூட்டத்தை எதிர்கொள்ள வேண்டும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் இது கடினமான போர்களுள் ஒன்றாக மட்டும் கருதப்பட்டிருக்கும். ஆனால் கல்லாகி இறந்த பாத்திரம் மீண்டும் எழும்போது, அதன் உயிராற்றலின் உச்ச அளவு பாதியாகக் குறைந்திருக்கிறது. ஓய்வெடுக்கும் தீமூட்டத்தின் அருகே அமர்ந்தாலும், மருந்துக் குடுவையைப் பருகினாலும், மறுபடியும் இறந்தாலும் இக்குறை நீங்குவதில்லை. சாபம் நீங்கும்வரை ஒவ்வோர் எலியும் ஒவ்வொரு சாதாரண வீரனும் முன்னிலும் இருமடங்கு கொடியவர் ஆகின்றனர். பேசிலிஸ்க் கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் பேசிலிஸ்க் போர் தொடர்கிறது.

தோல்வி: நிகழ்வும் நிலையும்

ஜெஸ்பர் ஜூல் 2013இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் ஃபெயிலியர்’ நூலில் ஒரு முரணைச் சுட்டுகிறார். மனிதர் பொதுவாகத் தோல்வியைத் தவிர்க்க விரும்புகின்றனர். எனினும் தோற்கப் போவது உறுதி என்று தெரிந்தே விளையாட்டுகளை நாடுகின்றனர். இம்முரண் தாங்கக்கூடியதாக இருப்பதற்கு, பெரும்பாலான விளையாட்டுகளில் தோல்வி விரைவில் துடைக்கப்படுவது ஒரு காரணம் எனலாம். இறந்தவர் முன்னிருந்த வலிமையுடன் மீண்டும் தொடங்குகிறார். தோல்வியால் எஞ்சுவது அறிவு மட்டுமே.

ஜப்பானியப் பாத்திரமேற்பு விளையாட்டு மரபும் தீநிலைகளை விரைவில் நீங்குவனவாகவே பெரிதும் அமைத்தது. ‘டிராகன் குவெஸ்ட்’ வரிசையில் சாபம் அணிகலன்களைப் பற்றி நிற்பது. கோயிலில் காணிக்கை செலுத்தினால் நீங்கும். ‘ஃபைனல் ஃபேன்டசி’ வரிசையில் பாத்திரமே தவளையாக மாறும் நிலை உண்டு. அதற்கு மருந்தாக அமைந்த பொருளுக்குக் கன்னியின் முத்தம் என்று பெயர். தவளை இளவரசன் கதையின் நகைச்சுவை அதில் வெளிப்படை. தவளையாதல் அங்கு ஒரு வேடிக்கை. ஒரு பொருளைச் செலவிட்டால் கதை முன்போல் தொடரும்.

‘டார்க் சோல்ஸ்’ தவளையை நோயாளியின் இடத்திலிருந்து பகைவனின் இடத்துக்கு மாற்றியதோடு, தீநிலையின் கால அளவையும் மாற்றிவிடுகிறது. இங்குத் தோல்வியால் எஞ்சுவது அறிவு மட்டுமன்று. உடலில் ஒரு குறையும் எஞ்சுகிறது. இழந்த ஆன்மாக்களை மீட்கப் பாதி உயிராற்றலுடன் அதே தவளைகளிடம் திரும்புவதா, அவற்றைக் கைவிட்டு மருந்து தேடிப் போவதா என்ற தேர்வு விளையாடுநர் முன் நிற்கிறது. இரண்டிலும் இழப்பு உண்டு.

மெய்ப்பாட்டு நோக்கு

இப்போரின் உணர்வுப் போக்கை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஏற்ற சொற்களைத் தருகிறது. செய்யுளுக்கென வகுக்கப்பட்ட இலக்கணத்தை மின்னணு விளையாட்டின் மீது சுமத்துவது இங்கு நோக்கமன்று. உணர்வுகளை அவற்றின் நிலைக்களன்களோடு சேர்த்து வகைப்படுத்தும் அதன் முறையே இங்குப் பயன்படுகிறது.

மெய்ப்பாடு எட்டும் தலைக்கு நான்கு நிலைக்களன் உடையவை. அச்சத்துக்கு உரியவற்றுள் விலங்கும் அணங்கும் அடங்கும். பெருமிதத்துக்கு உரியவற்றுள் தறுகண் அடங்கும். விளையாட்டுகளில் வழக்கமான போர் அச்சத்தில் தொடங்கித் தறுகண் வழிப் பெருமிதத்தில் முடிகிறது. ‘டார்க் சோல்ஸ்’ விளையாட்டின் பெரும்பகைவர் போர்கள் பலவும் இப்போக்கைத் தழுவியவையே.

பேசிலிஸ்க் போரின் போக்கு வேறானது. அது நகையில் தொடங்குகிறது. பெருங்கண்ணும் தத்தும் நடையும் கொண்ட உருவம் எள்ளலுக்கு இடம் தருகிறது. மூட்டம் எழுந்து பட்டை நிறையத் தொடங்கியதும் நகை அச்சமாகிறது. கல்லாகி மீண்ட பின்னர் எழும் உணர்வை அச்சம் என்று கூறுதல் பொருந்தாது. சினம் என்று கூறுதலும் முழுமையாகாது. மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கையும் நிலைக்களனாகக் கொண்டது இளிவரல். இவற்றுள் பிணியும் வருத்தமும் மென்மையும் சாபமுற்ற பாத்திரத்தின் நிலையை அப்படியே சுட்டுகின்றன. நேற்றுவரை எளிதில் வென்ற பகைவர் முன் இன்று கேடயத்தின் பின் ஒதுங்கி நிற்க வேண்டியதாகும் தாழ்வே இளிவரல். ஆற்றல் மேன்மேலும் வளர்வதையே இன்பமாகக் காட்டும் பாத்திரமேற்பு மரபில், நலிந்த உடலோடு நெடுவழி நடக்கும் அனுபவத்தைத் தருவது அரிது. இப்போரின் தனித்தன்மை இதில்தான் உள்ளது.

தீர்வின் விலை

சாபத்தை நீக்க முதன்மையாக இரு வழிகள் உள்ளன. ஒன்று, சாபநீக்கக் கல். கரிம் நாட்டைச் சேர்ந்த ஆஸ்வால்ட் என்னும் பாவமன்னிப்பு வணிகர் மணிக்கோபுரத்தில் அமர்ந்து இதனை விற்கிறார். கல்லுடன் இணைந்த குறிப்பு, மனிதர் சாபத்தை அழிக்க இயலாதவர். அதனை வேறிடத்துக்குத் திருப்ப மட்டுமே இயலும் என்று கூறுகிறது. கல் சாபத்தைப் போக்குவதில்லை, தான் ஏற்றுக்கொள்கிறது. அக்கல்லே ஒருகாலத்தில் ஒரு மனிதராகவோ வேறோர் உயிராகவோ இருந்தது என்பதும் அக்குறிப்பால் தெரிகிறது.

இரண்டாவது வழி, நீரில் மூழ்கிய நியூ லண்டோ நகரின் இடிபாடுகளுக்கு இடையே வாழும் இங்வார்ட் என்னும் மருத்துவரை அடைவது. அவரை அடையும் வழியில் ஆவிகள் உலவுகின்றன. சாதாரண நிலையில் பாத்திரத்தின் வாள் ஆவிகளைத் தொடுவதில்லை. சாபமுற்றவரோ அவற்றை வெட்டலாம். சாபம் பெறாத விளையாடுநர் அவ்விடத்தைக் கடக்க நிலையில்லாச் சாபம் தரும் ஒரு பொருளைப் பயன்படுத்துகிறார். அப்பொருள் சாபமுற்று இறந்தவரின் உடலுறுப்பு.

இவ்விரு வழிகளையும் சேர்த்து நோக்கினால் ஒரு சீரான கருத்து வெளிப்படுகிறது. சாபமுற்றவரே சாபமுற்றவரைத் தொட முடியும். ஒருவரின் சாபம் நீங்க மற்றோர் உயிர் அதனைச் சுமக்க வேண்டும். தவளையால் நேர்ந்த துன்பத்திலிருந்து விடுபடும் விளையாடுநர், தாமும் பிறிதோர் உயிரின் மேல் சுமையை ஏற்றியே விடுபடுகிறார். போரில் வென்றவர், தோற்றவர் என்ற இருமையில் இதற்கு இடமில்லை. எந்தப் பாத்திரமும் இதனை அறிவுரையாகக் கூறுவதில்லை. பொருளின் குறிப்பும் விதியின் இயக்கமும் இணைந்து இதனை உணர்த்துகின்றன. போகோஸ்ட் கூறும் விதிவழிக் கூற்றுக்கு இது தக்க சான்று.

விதியின் தேய்வு

இவ்விதி தொடக்கத்தில் இதனினும் கடுமையாக இருந்தது. விளையாட்டு வெளிவந்த காலத்தில் சாபங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும். உயிராற்றலின் உச்ச அளவு பாதி, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று எனக் குறையும். பின்னர் வந்த புதுப்பிப்பு, எத்தனை முறை சாபமுற்றாலும் பாதிக்கு மேல் குறையாதவாறு இதனைத் திருத்தியது.

இத்திருத்தம் நியாயமானதா என்ற வினா எழுகிறது. எட்டில் ஒன்றாகக் குறைந்த பாத்திரம் ஏறத்தாழ எந்த அடியிலும் வீழ்ந்துவிடும். வலுவிழந்தவர் மேலும் தோற்பதும், தோற்றவர் மேலும் வலுவிழப்பதும் முடிவற்ற சுழலாகிவிடும். அத்தகைய நிலையில் விளையாடுநர் கற்பதற்கு எதுவும் எஞ்சாது. விளையாட்டைக் கைவிடுவதே நேரும். கடுமையின் மிகுதியே சிறப்பு எனக் கருதுவோர் இதனை நோக்கத் தவறுகின்றனர். பாதி என்னும் அளவு நலிவை உணர்த்துகிறது. நடக்கவும் இடம் தருகிறது. ஆகவே இத்திருத்தம் விதியின் பொருளைக் குலைக்கவில்லை. அதனை வாழத்தக்கதாக்கியது எனலாம்.

பின்வந்த படைப்புகளில் நேர்ந்த மாற்றம் இத்தன்மையது அன்று. 2014இல் வெளிவந்த ‘டார்க் சோல்ஸ் 2’ கல்லாதலைச் சாபத்திலிருந்து பிரித்தது. ஒவ்வோர் இறப்பும் உயிராற்றலின் உச்ச அளவைச் சிறிது சிறிதாகக் குறைக்கும் விதி அதில் அமைந்ததால், குறையுடல் தவளைக்கு மட்டும் உரியதாக இல்லாமல் பொதுவானதாயிற்று. 2016இல் வெளிவந்த ‘டார்க் சோல்ஸ் 3’ விளையாட்டில் சாபம் உடனடி இறப்பை மட்டுமே தருகிறது. 2022இல் வெளிவந்த ‘எல்டன் ரிங்’ விளையாட்டிலும் பேசிலிஸ்க் உண்டு; பட்டை நிறைந்தால் பாத்திரத்தின் உடலைத் துளைத்துக் கிளைகள் எழ, அது அக்கணமே இறக்கும். காட்சி முன்னிலும் கொடியது. ஆனால் எழுந்த பின்னர் பாத்திரம் முழு உயிராற்றலுடனேயே நிற்கிறது.

தவளையின் உருவும் மூட்டமும் பட்டையும் இறப்பும் தொடர்கின்றன. சாபத்தின் தொடர்ச்சி மட்டும் கைவிடப்பட்டுள்ளது. மெய்ப்பாட்டு வழியில் கூறின், அச்சம் எஞ்சி, இளிவரல் நீங்கியுள்ளது. இதனால் விளையாட்டு எளிமையாகிவிட்டது என்று கூற இயலாது. எல்டன் ரிங்கின் பேசிலிஸ்க்கும் கவனமற்றவரைக் கொல்லவே செய்கிறது. மாறியது கடினத்தின் அளவன்று, அதன் தன்மை. தோல்வி மீண்டும் துடைக்கத்தக்க நிகழ்வாகியது; அதனுடன் மருத்துவரை நாடும் நெடுவழியும், பிறர் சுமையை ஏற்கும் கல்லைப் பற்றிய எண்ணமும் தேவையற்றவை ஆயின.

இதற்கு மறுப்பும் கூறப்படலாம். முதல் விளையாட்டு, சாபம் நீங்கும் வழியைப் புதியவருக்குத் தெளிவாக அறிவிப்பதில்லை. அறியாமல் நேர்ந்த ஒரு பிழைக்குப் பல மணி நேர நலிவு தகாத தண்டனை என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. எனினும், விளையாடுநர் ஒருவருக்கொருவர் தரையில் எச்சரிக்கைக் குறிப்புகளை எழுதிவைக்கும் வசதியை இவ்விளையாட்டே தருகிறது. துளையின் விளிம்பில் முகமறியாத ஒருவர் விட்டுச்சென்ற குறிப்பின் மதிப்பு, துளையின் அடியில் இருப்பதன் கொடுமையால் உயர்கிறது. விளைவு நீடிக்கும் இடத்தில்தான் எச்சரிக்கையும் உதவியும் பொருளுடையவை ஆகின்றன.

நிறைவுரை

இவ்வாய்வின் முடிவுகளைப் பின்வருமாறு தொகுக்கலாம். ‘டார்க் சோல்ஸ்’ பேசிலிஸ்க் தொன்மத்தின் பார்வையச்சத்தைப் பொய்க்கண்களாக்கி, மூச்சின் வழியே இடத்தைப் பகையாக்கியது. அப்போரின் விதிகள் முன்னேறுதலினும் விலகுதலைத் திறனாகக் கற்பிக்கின்றன. தோல்வி ஒரு நிலையாக நீடிப்பதால், நகை, அச்சம், இளிவரல் என்னும் வரிசையில் மெய்ப்பாடுகள் அமைகின்றன; பெருமிதத்தில் முடியும் வழக்கமான போரிலிருந்து இது வேறுபடுகிறது. சாபநீக்கம் பிறிதோர் உயிரின் மேல் சுமையை மாற்றுவதாக அமைந்து, வெற்றியின் தூய்மையை ஐயத்துக்கு உள்ளாக்குகிறது. பிற்கால விளையாட்டுகள் இறப்பின் காட்சியைக் கொடியதாக்கிய அதே வேளையில் விளைவின் நீட்சியைக் கைவிட்டன.

விளையாட்டுகளின் கடினத்தை மதிப்பிடுவோர் பெரும்பாலும் எத்தனை முறை இறக்க நேர்கிறது என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இறந்து எழுந்தவர் எந்த உடலோடு எழுகிறார், அவ்வுடலோடு எத்தனை தொலைவு நடக்கிறார், யாரிடம் செல்கிறார் என்பவையும் திறனாய்வின் வினாக்களாக வேண்டும். நோய்நிலை, நஞ்சு, பசி முதலிய பிற தீநிலைகளை இந்நோக்கில் ஒப்பிட்டு ஆராய்வது அடுத்தகட்ட ஆய்வுக்கு உரியது.